விமானம் நின்றால் விமானி என் செய்வார்?

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தில் பந்தி பரிமாறிய இளைஞர்களுள் ஒருவரைப் பலரும் கவனித்திருக்கக்கூடும். வாளியும் கரண்டியுமாக இலைக்கு இலை குனிந்து சாம்பார் ஊற்றிய அவர், சில ஆண்டுகளுக்கு முன்வரை நூற்றெண்பது பேர் அமரும் விமானத்தைச் செலுத்திய துணை விமானி. அவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனம் ஒரு நாள் திடீரெனப் பறப்பதை நிறுத்திவிட்டது. முதலில் சம்பளம் தாமதமாயிற்று, பிறகு பாதியாயிற்று, இறுதியில் "மறு அறிவிப்பு வரும்வரை பணிக்கு வரவேண்டா" என்ற ஒற்றை வரிக் கடிதம் வந்தது. பையனைப் படிக்க வைப்பதற்காகத் தஞ்சைப் பக்கத்தில் இருந்த பூர்விக வீட்டின் மீது கடன் வாங்கியிருந்தார் தகப்பனார். அந்தக் கடனின் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பதினான்கு மாதங்கள் அந்தக் குடும்பம் இதை யாரிடமும் சொல்லவில்லை. "பையன் லீவில் வந்திருக்கிறான்" என்றே அந்த அம்மாள் அண்டை அயலாரிடம் கூறிவந்தார். கூறக் கூசும்படியான குற்றம் எதையும் அந்தப் பிள்ளை செய்யவில்லை. ஆயினும் உத்தியோகம் போயிற்று என்று சொல்ல நம்மவர்களுக்கு நா எழுவதில்லை. அந்த மௌனம் அவர்களுக்கு எவ்வளவு இழப்பை உண்டாக்கியது என்பதைப் பின்னர் அவர்களே என்னிடம் சொன்னார்கள். பெயர் குறிப்பிடாமல் எழுதுவதற்கு அனுமதியும் தந்தார்கள். விமானத் துறையை நாடும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பெருகிவரும் இந்நாளில், இதைப் பற்றி வெளிப்படையாகச் சிந்திப்பது நன்று.

மூவகை வேலையிழப்பு

விமானி ஒருவர் தரையில் நிற்க நேர்வது மூன்று விதமாக நிகழ்கிறது. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதே முதற் பிழை.

முதலாவது, வேலை போகாமல் சம்பளம் மட்டும் நின்றுபோகும் நிலை. அமெரிக்காவில் இதனை 'ஃபர்லோ' என்பார்கள். அங்கே விமானிகளின் வாழ்வை நிர்ணயிப்பது மூப்புப் பட்டியல். ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும்; நிலைமை சீரானதும் வெளியேறியவர்களுள் மூத்தவர் முதலில் திரும்ப அழைக்கப்படுவார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அவ்வாறு வெளியேறிய ஆயிரக்கணக்கானோருள், பல ஆண்டுகள் காத்திருந்து திரும்பியவர்கள் உண்டு. நம் நாட்டில் 2020 ஜூலையில், அப்போது அரசுடைமையாக இருந்த ஏர் இந்தியா, ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பும் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆறு மாதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டு வரை நீட்டிக்க அதில் இடமிருந்தது.

இரண்டாவது, நிறுவனமே மூடப்படுவது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 அன்று அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்ததோடு ஜெட் ஏர்வேஸின் பறத்தல் முடிந்தது. மீட்பு முயற்சிகளெல்லாம் பயனற்றுப் போய், 2024 நவம்பரில் அதன் சொத்துகளை விற்றுத் தீர்க்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 மே மாதத் தொடக்கத்தில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் மனுக் கொடுத்துவிட்டு நின்றது. இவற்றிலெல்லாம் திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருந்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

மூன்றாவது, உடல்நலம் காரணமாக மருத்துவத் தகுதி இழப்பது. கண், காது, இருதயம், சர்க்கரை என்று ஏதேனும் ஒன்று குறுக்கிட்டால் நல்ல நிறுவனத்திலும் வேலை நிற்கும்.

திரும்ப அழைக்கும் உரிமை எழுத்தில் உள்ளவர் காத்திருக்கலாம். மூடப்பட்ட நிறுவனத்தின் வாசலில் காத்திருப்பதோ காலத்தைப் பறிகொடுப்பதாகும். ஆகவே தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை முதலில் கடிதங்களை வைத்துக்கொண்டு தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ரயில்வேயும் ஆகாயமும்

அடியேன் ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜையில் அமர்ந்திருப்பவர் முன்னாள் இன்ஜின் ஓட்டுநர். இப்போதைய வழக்கில் 'லோகோ பைலட்'. கண் பரிசோதனையில் ஏ-ஒன் தகுதியை இழந்தபோது ரயில்வே அவரை வெளியே அனுப்பவில்லை. மாற்றுப் பணி கொடுத்து எங்களோடு உட்கார வைத்தது. அகன்ற பாதையில் நீராவி இன்ஜின்கள் 1995ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றபோதும், கரி அள்ளிப் போட்டவர்கள் டீசலும் மின்சாரமும் கற்று வேறு வேலைகளில் அமர்ந்ததாக எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள்.

ஆகாயத்தில் பறக்கும் பைலட்டுக்கு இத்தகைய ஆதரவு கிடையாது. அவருடைய சம்பளம் என் சம்பளத்தைப் போல் பல மடங்கு. ஆனால் காலடியில் வலை கட்டப்படவில்லை. கம்பிமேல் நடப்பவன் தன் வலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கடமை: லைசென்ஸைக் காப்பது

விமானியின் சொத்து அவருடைய லைசென்ஸ். மற்றப் படிப்புகளைப் போல அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு இருந்துவிட முடியாது. பயன்படுத்தாவிட்டால் அது உறங்கிவிடும். பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டுமானால் முந்திய 90 நாட்களுக்குள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும். கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் தகுதியை ஆண்டுதோறும் பரீட்சித்துப் புதுப்பிக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் காலாவதியாகக் கூடாது. வேலை இருக்கும்போது இவற்றிற்கெல்லாம் நிறுவனமே ஏற்பாடு செய்யும், செலவும் செய்யும். வேலை போனபின் எல்லாம் தம் பொறுப்பு.

கையில் காசு குறையும்போது பலரும் முதலில் நிறுத்துவது இந்தச் செலவைத்தான். அது பெரும் பிழை. மருத்துவச் சான்றையேனும் தவறாமல் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சிமுலேட்டரில் சில மணி நேரப் பயிற்சிக்கு ஆகும் தொகையைக் குடும்பச் செலவில் அரிசி பருப்புக்கு அடுத்தபடியாக ஒதுக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் அழைப்பு வரும் நாளில், உடனே பறக்கத் தக்கவரே முதலில் எடுக்கப்படுவார்.

இன்னொரு காரியமும் உண்டு. பறந்த மணிக்கணக்கு, பயிற்சிப் பதிவேடு, பரீட்சை அறிக்கைகள், தடையின்மைச் சான்று ஆகியவற்றை நிறுவனம் மூச்சோடு இருக்கும்போதே கையொப்பத்தோடு வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். மூடிய அலுவலகத்தில் கையெழுத்திட யார் இருப்பார்? 2017ஆம் ஆண்டின் விதிப்படி கமாண்டர் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பட்டது. ஆகவே விலகும்போது வாய்மொழி போதாது. விடுவிப்புக் கடிதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

பறக்கும் வேலைகள்

முதலில் நாடத்தக்கது பறக்கும் வேலையே. இதில் ஒருவர் எந்த வகை விமானத்திற்குத் தகுதி பெற்றவர் என்பதே பெரும்பாலும் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. ஏர்பஸ் 320 செலுத்துபவர் போயிங் 737இல் அப்படியே ஏறி அமர முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் வேண்டும். ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் போயிங் 737 விமானங்கள் சிலவற்றை ஸ்பைஸ்ஜெட் எடுத்துக்கொண்டது. அவற்றைச் செலுத்தத் தெரிந்த விமானிகளையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. வகை ஒத்துப்போனால் கதவு விரைவில் திறக்கும். ஒத்துப்போகாவிடில் பல லட்சம் செலவிட்டு வேறு வகை கற்கலாமா என்று கணக்கிட வேண்டும். வேலை உறுதியாகாமல், கடன் மேல் கடன் வாங்கி அதைக் கற்பது சூதாட்டத்தை ஒக்கும்.

இரண்டாவது, சரக்கு விமானம். 2020இல் நாடெங்கும் பயணி விமானங்கள் மார்ச் 25 முதல் இரண்டு மாதம் முற்றிலும் நின்றிருந்தபோதும், மருந்தும் மருத்துவக் கருவிகளும் ஏற்றிக்கொண்டு சரக்கு விமானங்கள் ஓய்வின்றிப் பறந்தன. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் இத்துறையில் பழமையான நிறுவனம். இரவு நேர வேலைதான். ஆனால் பெட்டிகளுக்குப் பண்டிகைக் காலமும் இல்லை, நோய்ப் பயமும் இல்லை.

மூன்றாவது, தனியார் வாடகை விமானங்களும் ஆம்புலன்ஸ் விமானங்களும். இங்கே விமானம் சிறிது. அழைப்பு எந்நேரமும் வரும். பெரிய விமானத்தில் இருந்தவருக்கு முதலில் மனம் ஒப்பாது. ஆயினும் கமாண்டராகப் பறக்கும் மணிகள் இதில் விரைவில் சேரும். உயர்நிலை லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும் என்பதை நினைவிற் கொண்டால், ஒவ்வொரு மணியும் பொன் என்பது விளங்கும்.

வெளிநாட்டு வேலையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் பரீட்சையையும் தன் மருத்துவச் சோதனையையும் கேட்கும். "கட்டணம் கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று சொல்லும் தரகர்களை மட்டும் வாசற்படி ஏறவிடக் கூடாது. நேர்மையான நிறுவனம் வேலை தருவதற்காக விமானியிடம் முன்பணம் வாங்கித் தரகருக்குக் கொடுக்கச் சொல்லாது.

கற்பிக்கும் வேலைகள்

கற்றதைக் கற்பிப்பது நம் மரபில் தாழ்வன்று. உத்தரப் பிரதேசத்து ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, நம் நாக்பூரிலிருந்து ரயிலில் எளிதில் எட்டும் கோந்தியாவின் பயிற்சி நிலையம் ஆகியவை போலப் பல பறக்கும் பள்ளிகள் நாட்டில் உள்ளன. பறக்கக் கற்பிக்க வேண்டுமானால் பயிற்றுநர் தகுதி தனியே பெற வேண்டும்; முதலில் உதவிப் பயிற்றுநர், பின்னர் முழுப் பயிற்றுநர். சிறு விமானத்திற்குத் திரும்பி வருவதை இறக்கமாக எண்ணலாகாது. அங்கேயும் பறக்கும் மணிகள் சேர்கின்றன.

பறக்காமலே கற்பிக்கலாம். லைசென்ஸ் பரீட்சைக்கு வான்வழி அறிதல், வானிலை இயல், விமானச் சட்டம், இயந்திர நுட்பம் முதலிய பாடங்கள் உள்ளன. இவற்றைச் சொல்லிக் கொடுக்க நல்ல ஆசிரியர்கள் வேண்டியிருக்கிறார்கள். குருகிராம், பெங்களூரு, ஹைதராபாத் போன்ற இடங்களில் சிமுலேட்டர் நிலையங்கள் இருக்கின்றன. அனுபவம் மிக்க கமாண்டர்களுக்கு அங்கே பயிற்றுநர் வேலை கிடைக்கக்கூடும். வணிக விமானத்தில் 65 வயதுக்கு மேல் பறக்க முடியாதாகையால், ஐம்பதைக் கடந்தவர்கள் வேலை போகும்வரை காத்திராமல் இத்தகுதியை முன்னதாகவே தேடிக்கொள்வது அறிவுடைமை.

தரையில் உள்ள வேலைகள்

பறக்கும் வாழ்வு முடிந்துவிட்டவருக்கும் துறைக்குள்ளேயே இடமுண்டு. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அனுபவமுள்ள விமானிகளை விமான இயக்க ஆய்வாளர்களாக அமர்த்துகிறது. விமான நிறுவனங்களில் பாதுகாப்புப் பிரிவு, பயிற்சிப் பிரிவு, விமானிகளின் பணி அட்டவணை வகுக்கும் பிரிவு ஆகியவற்றில் பறந்து பழகியவரின் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. வானிலையும் எரிபொருளும் கணக்கிட்டு விமானத்திற்கு வழி வகுத்துக் கொடுக்கும் 'டிஸ்பாச்சர்' வேலையும் ஒன்று. அதற்கும் தனிப் பரீட்சை உண்டு.

ஆளில்லா விமானமாகிய 'டிரோன்' இப்போது வயலில் மருந்து தெளிக்கவும் நிலம் அளக்கவும் பயன்படுகிறது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி, பத்தாம் வகுப்புத் தேறிய 18 வயது நிரம்பியவர் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயின்று சான்று பெறலாம். விமானிக்கு இது எளிது. ஆனால் எளிதாக இருப்பதாலேயே போட்டியும் மிகுதி. ஊதியமும் பழைய ஊதியத்தை எட்டாது. வெறும் ஓட்டுநராக அன்றி, பயிற்சி நிலையத்தில் ஆசிரியராகவோ சொந்தத் தொழிலாகவோ அமைத்துக்கொண்டால் நிலைக்கக்கூடும்.

துறைக்கு வெளியேயும் உலகம் இருக்கிறது. 2020இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் விமானப் பணியாளர்கள் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு உதவும் வேலையை ஏற்றார்கள். ஜப்பானில் ஏ.என்.ஏ. தன் ஊழியர்களை வேறு நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பி வேலை காத்தது. பல நாடுகளில் விமானிகள் லாரியும் பஸ்ஸும் ஓட்டினார்கள். அவர்களை யாரும் எள்ளவில்லை. நாம்தான் "பைலட்டாக இருந்தவன் இதைச் செய்வதா?" என்று கேட்டுப் பிள்ளைகளின் கையைக் கட்டிப் போடுகிறோம்.

கடனும் குடும்பமும்

வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும்; அதற்கும் அதன்பின் வகைப் பயிற்சிக்கும் சேர்த்து அரைக்கோடி ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இத்தொகையைக் கையிருப்பிலிருந்து எடுக்கக்கூடிய குடும்பங்கள் நம்மில் எத்தனை?

வேலை நின்ற மாதமே வங்கிக்கு நேரிற் சென்று நிலைமையைச் சொல்ல வேண்டும். தவணை தவறிய பின் செல்பவரைக் கடன்காரராகப் பார்க்கும் வங்கி, தவறுமுன் செல்பவரை வாடிக்கையாளராகப் பார்க்கும். தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். வாகனம், பெரிய வாடகை வீடு முதலியவற்றை விட்டுக்கொடுக்கத் தயங்கக் கூடாது. பாக்கிச் சம்பளத்திற்கு, நிறுவனம் திவாலானால் நியமிக்கப்படும் அதிகாரியிடம் குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்துவிட வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை நம்பி வீட்டுக் கணக்கைப் போடலாகாது.

லைசென்ஸ் இழப்புக் காப்புறுதி என்று ஒன்று உண்டு. அது உடல்நலம் கெட்டுத் தகுதி இழந்தால் உதவுவது. நிறுவனம் மூடப்பட்டால் உதவாது. இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் ஏமாந்து நிற்கிறார்கள்.

பிள்ளையையோ பெண்ணையோ இத்துறைக்கு அனுப்ப எண்ணும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பறக்கும் பயிற்சியோடு ஒரு பட்டத்தையும் முடிக்கச் செய்யுங்கள். அஞ்சல் வழியிலேனும் முடிக்கலாம். பட்டமில்லாக் குறையை மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நான் அறிவேன். பதவி உயர்வு வரும்போதெல்லாம் அது முன்னே வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த பின் ஆறு மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை புது வாகனம் வேண்டா என்றும் சொல்லி வையுங்கள்.

வற்றலும் பெருக்கும்

இத்துறை ஆற்றைப் போன்றது. கோடையில் மணல் தெரியும். ஆடியில் கரை புரளும். 2020இல் விமானிகளை வீட்டுக்கு அனுப்பிய அதே உலகில், 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் தருவிப்புக் கொடுத்தன. 2025 டிசம்பரிலோ, விமானிகளின் ஓய்வு நேரத்தை உயர்த்திய புதிய விதிகளுக்கேற்பப் போதிய ஆட்களை ஏற்பாடு செய்யாமையால் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்ய நேர்ந்தது. மிகுதி என்று தள்ளப்பட்டவர்கள் சில ஆண்டுகளில் பற்றாக்குறை என்று தேடப்படுகிறார்கள். அந்த நாள் வரும்வரை லைசென்ஸையும் உடலையும் மனத்தையும் காத்து நிற்பதே விமானியின் சாமர்த்தியம்.

2020இல் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனத்து விமானிகள் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சுமார் 2,800 இளைய விமானிகள் வெளியேற்றப்பட இருந்தபோது, மற்றவர்கள் தம் பறக்கும் நேரத்தையும் அதனால் வரும் ஊதியத்தையும் குறைத்துக்கொள்ள இசைந்து அவர்களைக் காத்தார்கள். உள்ளதைப் பகிர்ந்துண்ணல் என்பதை நாம் ஏட்டில் படிக்கிறோம். அவர்கள் செய்து காட்டினார்கள்.

பந்தி பரிமாறிய இளைஞரின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். பதினான்காம் மாதத்தில் அவருடைய தாயார் நம் சங்கத்து அம்மையார் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினார். அந்த அம்மையாரின் மைத்துனர் ஒரு பறக்கும் பள்ளியில் கணக்குப் பிரிவில் இருப்பவர். அங்கே வானிலைப் பாடம் எடுக்க ஆள் தேவை என்பது அப்போதுதான் தெரியவந்தது. இளைஞர் போய்ச் சேர்ந்தார். சம்பளம் முன்பு வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலிருந்தே மருத்துவச் சான்றைப் புதுப்பித்தார். சிமுலேட்டர் பயிற்சியும் எடுத்தார். இப்போது வேறொரு நிறுவனத்தில் மீண்டும் துணை விமானியாகப் பறக்கிறார். தஞ்சை வீட்டின் கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் தவணை தவறவில்லை.

"முதல் மாதமே சொல்லியிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்குமே" என்று அந்தத் தாயார் இன்றும் வருந்துகிறார். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சங்கமே ஊர். நல்ல செய்தியை மண்டபத்தில் சொல்லி மகிழும் நாம், அல்லாத செய்தியையும் இங்கே ஒருவரிடமாவது சொல்லப் பழகுவோமாக.